பிரித்துப் பின்னிய போர்வை

அத்தியாயம் 9

பன்னிரண்டு மணிக்கு வந்தால் போதும் என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். உஷாராணி பத்தரைக்கே வந்துவிட்டாள்.

தம்பி மனைவியின் வளைகாப்புக்கு நாத்தனார் விருந்தாளி மாதிரி வந்து உட்கார முடியுமா? கலவைச் சாதம் பொட்டலம் கட்ட ஆள் வேண்டாமா? அப்படி நினைத்துத்தான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சீக்கிரமே காரை எடுத்தாள். ஆனால் கிள்ளான் வீட்டுக் கேட்டருகே அவள் கண்டது, வளைகாப்பு முடிந்து திரும்பிப் போகிற பெண்களை. கன்னத்தில் சந்தனம், கையில் தாம்பூலப் பை, மணிக்கட்டில் புதுக் கண்ணாடி வளையல்.

"இப்பத்தான் வரியா உஷா?" எதிர்வீட்டு ஆன்டி செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார். "ஒம்பது மணிக்கே ஆரம்பிச்சு முடிஞ்சிருச்சே."

உஷா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பத்தரைதான் ஆகியிருந்தது.

மூன்று வருஷங்களுக்கு முன் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தையைப் பறிகொடுத்தவள் அவள். தம்பி பிரவினின் மனைவி குமுதா கர்ப்பமானதிலிருந்து, வீட்டில் எல்லாரும் அவளிடம் ஒரு மாதிரி பதமாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவள் அறைக்குள் நுழைந்தால் பேச்சு மாறும். ஸ்கேன் படத்தை அவள் வந்ததும் மடித்து வைப்பார்கள். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பெற்ற தாய் நேரத்தையே மாற்றிச் சொல்வாள் என்று அவள் நினைக்கவில்லை.

கூடாரத்தைக் கடந்து உள்ளே போனாள்.

நடு ஹாலில் அலங்கரித்த நாற்காலியில் குமுதா உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை வளையல். ஒன்பதாம் மாத வயிறு. முகத்தில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. உஷாவைப் பார்த்ததும் எழ முயன்றாள். அவள் மடியில் ஒரு குழந்தைப் போர்வை இருந்தது.

உஷாவின் கண் அந்தப் போர்வையை விட்டு நகரவில்லை.

குரோஷே பின்னல். விளிம்பில் சிப்பி சிப்பியாக வளைவு. அந்த வளைவு அம்மாவின் கைவேலை. அம்மா சீதாலெட்சுமிக்கு அவளுடைய பெரியம்மா கற்றுக்கொடுத்தது அது. உஷாவுக்குப் பத்து வயதில், ஒரு பள்ளி விடுமுறையில், சீதாலெட்சுமி கற்றுக்கொடுத்தாள். உஷா இடதுகைக்காரி. அதனால் பக்கத்தில் உட்காராமல் எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி பார்த்துப் பார்த்துக் கொக்கி ஊசி பிடிக்கப் பழகினாள். அதன் பிறகு அந்த வீட்டில் மேசை விரிப்போ, தோரணமோ, எது யார் கையால் பின்னியது என்று இருவருமே தொட்டுப் பார்க்காமல் சொல்லிவிடுவார்கள்.

பின்னல் அம்மாவுடையது. நூல் அம்மாவுடையது அல்ல.

வெளிர் மஞ்சள் பருத்தி நூல். நடுவில் ஒரு பட்டை மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. கடைசி உருண்டை வேறு சாயத்தில் வந்துவிட்டது என்று அன்று கடைக்காரரிடம் சண்டை போட்டது உஷாவுக்கு நினைவிருந்தது. அந்த வெளுத்த உருண்டையைத்தான் பிரசவமாகி வெறுங்கையோடு வீடு திரும்பிய வாரத்தில், பால் கட்டிய மார்போடு உட்கார்ந்து, தன் குழந்தைக்காகத் தொடங்கிய போர்வையின் கடைசி வரிசைகளாக அவள் பின்னி முடித்தாள். ஏன் முடிக்கிறாய் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இந்த நூலு எங்கேருந்து வந்துச்சு?"

சீதாலெட்சுமி கையில் காப்பித் தட்டோடு நின்றாள். "மொதல்ல உக்காரு உஷா. வெயில்ல வந்திருக்க."

"நூலு எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன்."

"வீட்டுல கெடந்த நூலுதான்."

"எந்த வீட்டுல?"

குமுதாவின் அம்மா அமுதவள்ளி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பூச்சோங்கிலிருந்து விடியற்காலையே வந்து எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவர் அவர். "என்னம்மா உஷா, விசேஷ வீட்டுல ஏன் சத்தம்?"

"நான் இன்னும் சத்தம் போடல ஆன்டி."

உஷா குனிந்து போர்வையின் ஓரத்தைத் தொட்டாள். ஒரு முறை பின்னிப் பிரித்த நூல் சுருண்டே கிடக்கும். அலசி, கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராகும். அம்மா அதையெல்லாம் பொறுமையாகச் செய்திருக்கிறாள். வரிசை வரிசையாகப் பிரித்திருக்கிறாள். அலசியிருக்கிறாள். அந்த நாள்களிலும் தினமும் சாயங்காலம் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள்.

"என் போர்வையப் பிரிச்சிட்டீங்க."

"உஷா..."

"சொல்லுங்கம்மா. பிரிச்சீங்களா இல்லையா?"

சீதாலெட்சுமி தட்டைக் கீழே வைத்தாள். "யாரும் போத்தாத போர்வைதானே."

"யாரும் போத்தாததுதாம்மா அது. அதுக்காகத்தான் பெட்டியில வச்சிருந்தேன்."

ஹாலில் மிச்சமிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். பிரவின் வாசலில் நாற்காலிகளை அடுக்குகிறவன் போல் நின்றான். அவனுக்கு எல்லாம் கேட்டது. உள்ளே வரவில்லை.

அமுதவள்ளிக்கு விஷயம் புரிய ஒரு கணம் ஆயிற்று. "சம்பந்தி, என்ன சொல்றா இவ? அந்தப் புள்ளைக்குப் போட்டதா இது? செத்த புள்ளையோட துணியையா எம்பொண்ணு மடியில போட்டீங்க?"

பேசிக்கொண்டே வந்து, இரண்டு விரலால் போர்வையின் நுனியைப் பிடித்து இழுத்து எறிந்தார். அது வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் விழுந்தது.

உஷா நடந்து போய் அதை எடுத்தாள். ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள்.

"எனக்கு ஏன்மா பன்னெண்டு மணின்னு சொன்னீங்க?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்," என்றார் அமுதவள்ளி. "மறைக்க என்ன இருக்கு. எனக்கு உம்மேல கோவம் இல்ல லா. மொதப் பேரப்புள்ள. பயமா இருக்கு. நீயும் ஒரு பொம்பள, புரிஞ்சுக்க மாட்டியா?"

"உங்களக் கேக்கல ஆன்டி. எங்கம்மாவக் கேக்கறேன்."

சீதாலெட்சுமி தலையை நிமிர்த்தினாள். "உன்ன வர வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. வரச் சொல்லவும் முடியல. நீ இல்லாட்டியும் உன் நூலாவது அவ மடியில இருக்கட்டும்னு நெனச்சேன். உன் ஆசீர்வாதம் மாதிரி."

"என் கை ஆகாது. என் நூலு மட்டும் ஆகுமா?"

உஷா போர்வையை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வளையல் போட நான் வந்தா தீட்டு. என் புள்ளைக்காகப் பின்னுனதப் பிரிச்சு எடுத்துக்கிட்டா அது ஆசீர்வாதமா? ஆசீர்வாதம் பண்றவள ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"நான் கேட்டா நீ குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன். அதுக்காகத்தான் கேக்காம எடுத்தீங்க."

"நான் ஒண்ணும் திருடல உஷா," என்றாள் அம்மா. இப்போது அவளுக்கும் கோபம் ஏறியிருந்தது. "மாப்பிள்ளதான் எடுத்துக் குடுத்தாரு."

*

கணவன் விஜயன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து நேரே வளைகாப்புச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். உஷா காரில் ஏறி, கதவைச் சாத்திவிட்டு அவனை அழைத்தாள். பின்னால் லோரிகளின் இரைச்சல் கேட்டது.

"போர்வைய எங்கம்மாகிட்ட குடுத்தீங்களா?"

இரைச்சல் குறைந்தது; அவன் தள்ளி வந்திருக்க வேண்டும்.

"உஷா, அத்தை பத்திரமா வச்சுக்கிறேன்னாங்க. பிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"ஏன் குடுத்தீங்க?"

"நீ அந்தப் பெட்டியத் தொறந்து, அத மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. வேலை விட்டு வந்து அதப் பாக்க என்னால முடியல. சத்தியமா முடியல."

"நான் அந்தப் பெட்டியத் தொட்டே மாசக்கணக்காச்சு."

மறுமுனையில் ஒரு லோரி ஹார்ன் அடித்தது.

"தைப்பூசத்துக்கு அப்புறம் ஒரு தடவை கூட எடுக்கல. எடுக்காம இருக்க நான் என்ன பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியாது. ஏன்னா நீங்க பாக்கல. பாக்க முடியலன்னு சொல்றீங்க. பாக்கவே இல்லங்கறதுதான் உண்மை."

"உஷா, நான் இப்பக் கெளம்பி வரேன்."

"இங்க வராதீங்க."

போனை வைத்தாள். போர்வையைப் பின்சீட்டில் போட்டாள். சாவியைத் திருப்பும் நேரத்தில் பக்கத்துக் கதவு திறந்தது. வளையல்கள் கலகலக்க குமுதா உள்ளே ஏறி உட்கார்ந்தாள். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"இறங்கு குமுதா. நான் இப்ப நல்ல மனசுல இல்ல. உன்ன ஏதாவது சொல்லிருவேன்."

"சொல்லுங்க அண்ணி. ஆனா ஓட்டிக்கிட்டே சொல்லுங்க."

"உங்கம்மா வேற தேடி வருவாங்க. இறங்கு."

"அண்ணி, குழந்தை அசையல."

உஷாவின் கை சாவியிலேயே நின்றது.

"எப்பலேருந்து?"

"நேத்து ராத்திரி சாப்புட்டப்ப ஒரு உதை. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல." குமுதாவின் முகத்தில் சந்தனத்தின் மேல் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. "காலைல அம்மாகிட்ட சொன்னேன். தூங்குதுடி, வளையல் சத்தம் கேட்டா முழிச்சுக்கும்னாங்க. எல்லாரும் வளையல் போட்டாங்க. கைய ஆட்டி ஆட்டிப் பாத்தேன். முழிக்கல."

"பிரவின்கிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். அத்தை சொல்றாங்கல்ல, அவங்களுக்குத் தெரியும்னாரு." அவள் உஷாவின் கையைப் பிடித்தாள். "நீங்க வருவீங்க, உங்ககிட்ட சொல்லலாம்னு ஒம்பது மணிலேருந்து வாசலப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நீங்க மட்டும்தான் ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டீங்க."

பன்னிரண்டு மணிக்கு வந்தால் போதும்.

உஷாவுக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. இத்தனை நேரம் அவளிடம் இருந்த கோபம் வேறு, இப்போது வந்த கோபம் வேறு. காரைப் பின்னுக்கு எடுத்தாள். பிரவின் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"அக்கா, எங்க கூட்டிட்டுப் போற? அத்தை கத்துறாங்க."

உஷா கண்ணாடியை இறக்கினாள். "ஆஸ்பத்திரிக்கு. அவளோட கிளினிக் புக்க எடுத்துக்கிட்டு பின்னாலயே வா. காலைல இவ சொன்னப்பவே நீ செஞ்சிருக்க வேண்டியது."

"அத்தைதான் ஒண்ணும் இல்லன்னு..."

"உன் புள்ளடா அது."

அவள் காரை எடுத்துவிட்டாள்.

வழி நெடுக சிக்னல்கள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் உஷா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷங்களுக்கு முன் அந்த இரவில் அவள் அம்மா வீட்டில்தான் இருந்தாள். அசைவு தெரியவில்லை அம்மா என்றபோது, குழந்தை தூங்குது, விடிஞ்சதும் போகலாம் என்று அம்மா சொன்னாள். விஜயனும் அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான். அவளும் நம்பிப் படுத்துவிட்டாள். விடிந்து போனபோது டாக்டர் ஸ்கேன் திரையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு இரவைப் பற்றி அம்மாவிடம் அவள் இன்று வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அம்மா உடைந்துவிடுவாள் என்று பேசாமல் இருந்தாள். அந்த அம்மாதான் போர்வையைப் பிரித்திருக்கிறாள்.

"அண்ணி, பயமா இருக்கு."

"எனக்கும்தான்," என்றாள் உஷா. பொய் சொல்ல அவளுக்கு மனமில்லை. "இடது பக்கமா சாஞ்சு உக்காரு. போயிரலாம்."

*

மருத்துவமனையில் உஷா யாரையும் கெஞ்சவில்லை. கவுன்டரில் நம்பர் எடுத்துக் காத்திருக்கச் சொன்ன பெண்ணிடம், "ஒன்பதாம் மாசம், நேத்து ராத்திரிலேருந்து குழந்தை அசைவு இல்ல," என்று மட்டும் சொன்னாள். சொன்ன விதத்தில் அந்தப் பெண் எழுந்து ஓடினாள்.

வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டினார்கள். மெஷின் சற்று நேரம் வெறும் இரைச்சலாக இரைந்தது. குமுதா கண்ணை மூடிக்கொண்டாள். உஷா மூடவில்லை. பிறகு இரைச்சலுக்கு அடியில் எங்கோ மெல்ல, இடைவெளி விட்டு விட்டுத் துடிப்பு கேட்டது.

"ஹார்ட்பீட் இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா குறைவா இருக்கு. இறங்கிக்கிட்டும் வருது. வெய்ட் பண்ண முடியாது. இப்பவே ஆப்பரேஷன் பண்ணிக் குழந்தைய எடுக்கணும்."

நர்ஸ் டிரிப் ஏற்ற வந்து, வளையல்களைக் கழற்றச் சொன்னாள். உஷாதான் கழற்றினாள். சில எளிதாக வந்தன. வீங்கிய கையில் இறுகியவை வரவில்லை. அவற்றைத் துணியைச் சுற்றி உடைக்க வேண்டியிருந்தது. குமுதா வாயே திறக்கவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும், "போயிராதீங்க," என்றாள்.

பிரவின் வந்தான். கையெழுத்துப் போட்டான். அட்மிஷனுக்குக் கீழே வரச் சொன்னார்கள் என்று போனான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் அமுதவள்ளியும் சீதாலெட்சுமியும் லிப்டிலிருந்து இறங்கினார்கள்.

"எம்பொண்ண என்ன பண்ணுன?" அமுதவள்ளி வந்த வேகத்தில் கேட்டார். "காலைல நல்லாத்தானே உக்காந்திருந்தா. நீ உள்ள கால வச்ச..."

"ஆன்டி." உஷா எழுந்து நின்றாள். "காலைல அவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

அமுதவள்ளி நிறுத்தினார்.

"குழந்தை அசையலன்னு சொன்னாளா இல்லையா?"

"அது... அசதியா இருக்கும்னு..."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க? எங்கம்மாவுக்கும் கேக்கட்டும். சத்தமாச் சொல்லுங்க."

சீதாலெட்சுமிக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். உஷா தன் தாயைப் பார்த்தாள். மூன்று வருஷமாக விழுங்கிய வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன.

"விடிஞ்சதும் போகலாம்னு நீங்க சொன்னீங்கம்மா. ஞாபகம் இருக்கா?"

"ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கு." அம்மாவின் குரல் எழும்பவில்லை. "அந்தப் போர்வை பெட்டியில இருக்கற வரைக்கும் நான் தூங்கல உஷா. அதான் பிரிச்சேன்."

"உங்க தூக்கத்துக்காக."

சீதாலெட்சுமி மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவளுடைய ஆள்காட்டி விரல் தன்னையறியாமல் மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது, நூலைச் சுற்றி இழுக்கிற மாதிரி. பதற்றம் வந்தால் அவளுக்கு அது வழக்கம். உஷா கீழே பார்த்தாள். தன் இடது கை விரலும் அதையே செய்துகொண்டிருந்தது. கையை இறுக மூடிக்கொண்டாள். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அவள் உட்காரவில்லை.

நேரம் போனது. விஜயனின் அழைப்பு வந்து வந்து நின்றது. அமுதவள்ளி திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டு, அறைக் கதவின் முன்னால் இங்கும் அங்கும் நடந்தார்.

கதவு திறந்தது. மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கியபடி ஒரு நர்ஸ் வெளியே வந்தாள்.

"வாரிஸ் குமுதா?"

குமுதாவின் சொந்தக்காரர் யார் என்று கேட்கிறாள். மூன்று பேரும் அவளை நோக்கி நகர்ந்தார்கள்.

"பெண் குழந்தை. அம்மா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, ஓகே. குழந்தைதான் இன்னும் சரியா அழல. மூச்சுக்கு மெஷின் வச்சிருக்கோம். குழந்தைய வார்டுக்கு மாத்துறோம், கூட ஒரே ஒருத்தர் வரலாம்."

"நான் வரேன், நான்தான் அவளப் பெத்தவ," அமுதவள்ளி முன்னால் வந்தார். வாசலை அடைத்தாற்போல் நின்றார்.

நர்ஸ் அவரைத் தாண்டிப் பார்த்தாள். "உஷாங்கறது யாரு? குழந்தை கூட அவங்கதான் போகணும்னு பேஷன்ட் சொல்றாங்க. வேற யாரையும் விட வேணாம்னாங்க."

சீதாலெட்சுமி நிமிர்ந்தாள். அமுதவள்ளி திரும்பி உஷாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது, வெறுப்பும் இருந்தது. குழந்தைக்கு ஏதாவது ஆனால் இந்த நாள் முழுவதும் யார் தலையில் விழும் என்று உஷாவுக்குத் தெரியும். இருந்தும் அவள் நடந்தாள்.

"வழி விடுங்க ஆன்டி," என்றாள்.